இயங்குதளம் மாறிய பின் கேட்-கேம் மென்பொருளில் வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வரைபடம் போடும் அறையில் விண்டோஸ், வீட்டு மடிக்கணினியில் மேக், இயந்திரத்தின் பக்கத்தில் லினக்ஸ் என்று ஒரே ஜாப் மூன்று கணினிகளின் வழியாகப் போவது இப்போது சிறிய பட்டறைகளிலும் நடக்கிறது. பொருளை வரையவும் (கேட்), அதை வெட்டும் இயந்திரத்துக்கு நிரல் எழுதவும் (கேம்) உதவும் மென்பொருள் ஒரு கணினியில் ஒழுங்காக ஓடியும் மற்றொன்றில் ஏன் ஓடவில்லை என்பதைக் கண்டறிவதற்கான வழிமுறை இது. ஃப்ரீகேட் மென்பொருள் மூன்று தளங்களிலும் ஒரே கோப்பு வடிவத்துடன் இயங்குவதால் அதையே நடுவில் வைத்திருக்கிறேன். விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள்களைப் பற்றியும், நிரலைப் படித்து இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலரில் வரும் பிழைகளைப் பற்றியும் தேவையான இடங்களில் சொல்லியிருக்கிறேன். 2024 நவம்பரில் வெளியான ஃப்ரீகேட் 1.0 பதிப்பில், பாத் என்று இருந்த பகுதியின் பெயர் கேம் என்று மாறியது. பழைய பாடங்களைப் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றே என்று கொள்ளவும்.

ஃப்ரீகேட்டின் அடியில் வடிவக் கணக்கைப் பார்க்கும் ஓப்பன் கேஸ்கேட் மூன்று தளங்களிலும் ஒன்றுதான். ஆகவே தளம் மாறியதால் மாதிரியின் வடிவமே தவறிவிட்டது என்று தொடங்குவது பெரும்பாலும் வீண் அலைச்சல். பிழை இருக்கும் இடங்கள் வேறு: திரை இயக்கி, கோப்பின் பெயர், அலகு, வரி முடிவு, போர்ட்டின் அனுமதி. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினால் இவற்றில் எதுவும் சரியாகாது. எதையும் மாற்றுவதற்கு முன் உதவிப் பட்டியலில் உள்ள ஃப்ரீகேட் பற்றிய பெட்டியைத் திறந்து, அங்குள்ள நகலெடுக்கும் பொத்தானை இரண்டு கணினிகளிலும் அழுத்தி, கிடைக்கும் விவரங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்க்கவும். இயங்குதளம், பதிப்பு எண், பைத்தான், ஓப்பன் கேஸ்கேட், மொழி அமைப்பு எல்லாம் அதில் இருக்கும். பதிப்பு எண்ணே வேறாக இருந்தால் முதலில் அதைச் சமப்படுத்தவும்; அதற்கு முன் தளத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அறிகுறி: இரட்டைக் கிளிக் செய்தும் மென்பொருள் திறக்கவே இல்லை

லினக்ஸில் நிறுவாமலே இயக்கக்கூடிய ஆப்இமேஜ் கோப்பாக இறக்கியிருந்தால், அந்தக் கோப்புக்கு இயக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பண்புகள் பெட்டியில் பார்க்கவும். அனுமதி கொடுத்த பிறகும் திறக்காவிட்டால் டெர்மினலில் இருந்து இயக்கி, வரும் செய்தியைப் படிக்கவும். லிப்ஃபியூஸ் 2 கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், உபுண்டு 22.04 முதல் அந்த நூலகம் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதே காரணம். 22.04இல் லிப்ஃபியூஸ்2 என்ற பொதியையும், 24.04இல் அதே பெயருடன் டி64 சேர்ந்த பொதியையும் நிறுவ வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: பெயர் ஒத்திருக்கிறதே என்று 22.04இல் ஃபியூஸ் என்ற பொதியை நிறுவினால், அது ஃபியூஸ்3ஐ நீக்குவதோடு டெஸ்க்டாப்பின் சில பகுதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மேக்கில் கோப்பு சேதமடைந்திருக்கிறது என்றோ, உருவாக்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை என்றோ செய்தி வந்தால், கோப்பு உண்மையில் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. இணையத்திலிருந்து இறக்கியதை மேக்கின் பாதுகாப்பு வசதியான கேட்கீப்பர் தடுத்து நிறுத்தியிருக்கலாம். 2024இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, கன்ட்ரோல் விசையுடன் கிளிக் செய்து தடையைத் தாண்டும் பழைய வழி மூடப்பட்டுவிட்டது. சிஸ்டம் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று அங்கே அனுமதிக்க வேண்டும்.

முன்பு திறந்துகொண்டிருந்த மென்பொருள் திடீரென்று தொடக்கத் திரையிலேயே நின்றுவிட்டால், பயனர் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி இயக்கவும். விண்டோஸில் அது ஆப்டேட்டா கோப்புறையிலும், மேக்கில் லைப்ரரி கோப்புறையிலும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் மறைந்த கான்ஃபிக் கோப்புறையிலும் இருக்கும். பெயர் மாற்றிய பின் திறந்தால் கோளாறு அமைப்பில்தான் இருந்தது.

அறிகுறி: மென்பொருள் திறக்கிறது, ஆனால் முப்பரிமாணக் காட்சி கறுப்பாக அல்லது வெறுமையாக இருக்கிறது, புதிய ஆவணம் தொடங்கியதும் மூடிக்கொள்கிறது

லினக்ஸில் இந்த அறிகுறி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேலண்ட் திரையமைப்பை. உள்நுழையும் திரையில் எக்ஸ்-ஆர்க் அமர்வைத் தேர்ந்துகொண்டு நுழைந்து பார்க்கவும்; அந்த வசதி இல்லையென்றால் கியூடி தளத்துக்கான சூழல் மாறியில் எக்ஸ்சிபி என்று கொடுத்து மென்பொருளைத் தொடங்கவும். காட்சி வந்துவிட்டால் அந்த மாறியைத் தொடக்கக் குறியீட்டிலேயே எழுதி வைத்துவிடலாம்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினியில் மாதிரியைச் சுழற்றும்போது திரை திக்கித் திக்கி நகர்ந்தால், மென்பொருள் வலுக்குறைந்த உள்ளமைச் சிப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் அந்த மென்பொருளுக்கு உயர்செயல்திறன் என்று தேர்ந்தெடுக்கவும். க்னோம் டெஸ்க்டாப்பில் மென்பொருளின் குறியீட்டை வலது கிளிக் செய்தால் தனிக் கிராஃபிக்ஸ் அட்டையில் இயக்கும் வசதி வரும். மேக்கைப் பொறுத்தவரை, ஆப்பிள் 2018இல் மொஜாவே பதிப்போடு, முப்பரிமாணக் காட்சியை வரையும் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அங்கே அது 4.1 பதிப்பிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட பதிப்பைக் கேட்கும் மென்பொருள் மேக்கில் காட்சியைக் காட்டாததற்கு அமைப்புகளில் மருந்து இல்லை.

அறிகுறி: விண்டோஸ் மென்பொருளை லினக்ஸிலோ மேக்கிலோ நிறுவினால் உரிமம் கிடைக்கவில்லை என்கிறது

சாலிட்வொர்க்ஸ், மாஸ்டர்கேம் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை. ஃபியூஷன் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு. லினக்ஸுக்கு அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது. இவற்றை வைன் என்ற இணக்க மென்பொருள் மூலம் லினக்ஸில் ஓட்ட முயல்பவர்கள் பெரும்பாலும் நிறுவலைத் தாண்டி உரிமத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமத்துக்குச் சாவியாகச் செருகும் யுஎஸ்பி டாங்கிளுக்குக் கர்னல் மட்டத்தில் இயங்கும் விண்டோஸ் இயக்கி தேவை. வைன் பயனர் மட்டத்தில் மட்டும் செயல்படுவதால் அந்த இயக்கி அதில் ஏறாது. டாங்கிள் கட்டாயம் என்றால் மெய்நிகர் இயந்திரத்தில் முழு விண்டோஸை நிறுவி, டாங்கிளை அதற்கு ஒப்படைக்கும் யுஎஸ்பி வசதியை இயக்க வேண்டும்.

ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் நிலைமை இன்னும் சிக்கலானது. மேக்கில் நேரடியாக விண்டோஸை நிறுவ உதவும் பூட்கேம்ப் அங்கே கிடையாது. மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ். அந்த விண்டோஸ் சாதாரண இன்டெல் மென்பொருளை மொழிமாற்றி ஓட்டிவிடும், ஆனால் இயக்கிகளை மொழிமாற்றாது. டாங்கிளுக்கு ஆர்ம் இயக்கி வெளியிடப்படாவிட்டால் மென்பொருள் திறந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட மேக் வைத்திருப்பவர் டாங்கிள் மென்பொருளுக்காகப் பழைய இன்டெல் கணினி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே என் கணிப்பில் மலிவு.

ஃபியூஷனைத் தனிநபர் இலவச உரிமத்தில் பயன்படுத்துபவர்கள், விரைவு நகர்வுக் கட்டளையான ஜி0 வரவேண்டிய இடங்களிலெல்லாம் வெட்டும் வேகத்தில் நகர்த்தும் ஜி1 வருவதைப் பார்த்துத் தளத்தின் மீதோ, டூல்பாத்தை (டூல் நகரும் பாதையை) இயந்திர நிரலாக மாற்றும் போஸ்ட்டின் மீதோ சந்தேகப்படுவதுண்டு. 2020 அக்டோபர் முதல் அந்த உரிமத்தில் விரைவு நகர்வும் தானியங்கி டூல் மாற்றமும் நிறுத்தப்பட்டுள்ளன. எந்தத் தளத்தில் ஓட்டினாலும் அப்படித்தான் வரும்.

அறிகுறி: கோப்பு திறக்கிறது, ஆனால் டூல்கள் காணவில்லை

ஃப்ரீகேட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே ஆவண விவரங்களும் வடிவங்களும் தனித்தனியாக இருக்கும். டூல் நூலகம் அதற்குள் முழுமையாக இருக்காது. அது டூல்ஸ் கோப்புறையில் பிட், லைப்ரரி, ஷேப் என்ற மூன்று உட்கோப்புறைகளில் இருக்கும். அந்தக் கோப்புறையின் முழு முகவரி ஒவ்வொரு கணினியின் அமைப்பிலும் தனியே பதிவாகியிருக்கும். சி டிரைவில் தொடங்கும் முகவரிக்கு லினக்ஸில் அர்த்தமே இல்லை. டூல்ஸ் கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்து, புதிய கணினியில் கேம் அமைப்புகளில் அதன் இடத்தை மறுபடி காட்ட வேண்டும்.

அதன் பின்னும் ஓரிரு டூல் மட்டும் விடுபட்டால், கோப்புப் பெயரில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்கவும். விண்டோஸும் இயல்பு நிலையிலுள்ள மேக்கும் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். விண்டோஸில் மட்டும் வரும் பிழையாக இருந்தால் முகவரியின் நீளத்தைப் பார்க்கவும்: பழைய மென்பொருள்கள் பல 260 எழுத்து எல்லையைத் தாண்ட முடியாமல் கோப்பையே காணவில்லை என்று சொல்லும். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தாலும் சில பழைய மென்பொருள்கள் இதே செய்தியைத் தரும். வேலைக் கோப்புறையை டிரைவின் மேல்மட்டத்தில், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத குறுகிய பெயரில் வைத்தால் இரண்டு தொல்லையும் ஒருசேரத் தீரும்.

அறிகுறி: அளவு தவறாக வருகிறது

அதிகப் பொருள் நட்டம் ஏற்படுத்தும் அறிகுறி இதுதான், ஆனால் காரணம் கண்டுபிடிக்க மிக எளிதானதும் இதுவே. அளவு தெரிந்த ஒரு பக்கத்தை மென்பொருளில் அளந்து, வந்த அளவை வரவேண்டிய அளவால் வகுக்கவும். அந்த விகிதமே பிழை எங்கே நுழைந்தது என்பதைச் சொல்லிவிடும்.

விகிதம் 25.4 என்றோ, அதன் தலைகீழாக 0.0394 என்றோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்துவிட்டன. வரைபட வடிவமான டிஎக்ஸ்எஃப் கோப்பின் தலைப்பகுதியில் அலகைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 0 என்றால் அலகு குறிப்பிடப்படவில்லை. ஆட்டோகேட் ஆர்12 வடிவத்தில் சேமித்த கோப்பில் அந்த எண்ணே இருக்காது; திறக்கும் மென்பொருள் தன் விருப்பப்படி ஊகித்துக்கொள்ளும். முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் எந்த நிலையிலும் அலகு இல்லை. விகிதம் 0.001 வந்தால் மீட்டரில் வேலை செய்த மென்பொருளிலிருந்து அந்த எஸ்டிஎல் வந்திருக்கலாம். கணினிகளுக்கிடையே மாதிரியைக் கொண்டுபோக ஸ்டெப் வடிவம் இருக்கும்போது எஸ்டிஎல்லை நாடாமல் இருப்பது நல்லது. ஸ்டெப் கோப்பு அலகைத் தன்னுடனேயே சுமந்து போகும்.

விகிதம் 1.067 அல்லது 0.9375 வந்தால் எஸ்விஜி கோப்பைப் பார்க்கவும். எஸ்விஜி வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் 0.92 பதிப்புக்கு முன்புவரை ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கிட்டு வந்தது. 2017இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து 96 ஆக மாறியது. 96ஐ 90ஆல் வகுத்தால் 1.067. பழைய பதிப்பில் வரைந்த 100 மில்லிமீட்டர்த் தகடு 93.75 ஆகச் சுருங்கி வருவது இதனால்தான். 72 புள்ளிக் கணக்கை வைத்திருக்கும் மென்பொருளிலிருந்து வந்திருந்தால் விகிதம் 1.333 அல்லது 0.75 ஆக இருக்கும்.

வெட்டும் வேகம் 60 மடங்கு மாறியிருந்தால் அலகுத் திட்டத்தைப் பார்க்கவும். ஃப்ரீகேட் உள்ளுக்குள் வேகத்தை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றே வைத்திருக்கிறது. பழைய கணினியில் சிஎன்சிக்கான (கணினி நிரலால் இயங்கும் வெட்டு இயந்திரத்துக்கான) அலகுத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, புதிய கணினியில் இயல்புத் திட்டம் இருந்தால், நிமிடக் கணக்கை நினைத்துத் தட்டிய 600 நொடிக் கணக்கில் பதிவாகிவிடும். போஸ்ட் அதை 36000 என்று எழுதும். டூல்பாத் படம் சரியாகவே தெரியும் என்பதால், நிரலில் வேகத்தைக் குறிக்கும் எஃப் எண்ணைக் கண்ணால் படிக்காமல் இந்தத் தவறு பிடிபடாது.

திரையில் அளவு சரி, இயந்திர நிரலான ஜி-கோடிலும் சரி, வெட்டிய பொருளில் மட்டும் தவறு என்றால் கன்ட்ரோலருக்கு வரவும். கோப்பின் தொடக்கத்தில் மில்லிமீட்டரைக் குறிக்கும் ஜி21 இல்லாவிட்டால், முந்தைய ஜாப் அங்குலத்தைக் குறிக்கும் ஜி20இல் விட்டுப்போன நிலையிலேயே சில கன்ட்ரோலர்கள் தொடரும். பல ஃபானுக் கன்ட்ரோலர்களில் புள்ளி இல்லாமல் எக்ஸ்10 என்று எழுதினால் அது 10 மைக்ரானாக, அதாவது 0.010 மில்லிமீட்டராகக் கொள்ளப்படும், எக்ஸ்10. என்று புள்ளியுடன் எழுதினால்தான் 10 மில்லிமீட்டர். எக்ஸ் அச்சில் ஒரு விகிதமும் ஒய் அச்சில் வேறு விகிதமும் வந்தால் மென்பொருளை விட்டுவிடலாம். இயந்திரத்தின் அச்சு அளவீட்டைத்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: செதுக்க வேண்டிய எழுத்துகள் மாறியோ சிதறியோ வருகின்றன

ஆங்கில எழுத்து மாறினால், அந்த எழுத்துரு அடுத்த கணினியில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் அபூர்வம். தமிழ் எழுத்துக்கு வேறு காரணம் உண்டு. ஃப்ரீகேட்டின் எழுத்து வடிவக் கருவி எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு குறியையும் வரிசையாக எடுத்து வைக்கிறது. இந்திய எழுத்துகளுக்குத் தேவையான அடுக்கும் வேலையை அது செய்வதில்லை. அதனால் கெ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கொ இன்னும் மோசமாக வரும். பெயர்ப்பலகை செதுக்குபவர்கள் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தட்டி, பொருளைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, எஸ்விஜியாகச் சேமித்து ஃப்ரீகேட்டில் கொண்டுவரலாம். பாதையாக மாறிய பிறகு எழுத்துருவே தேவையில்லை என்பதால் எந்தத் தளத்திலும் அது மாறாது. மேலே சொன்ன விகிதக் கணக்கை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.

அறிகுறி: போஸ்ட் பட்டியலில் இல்லை, அல்லது கன்ட்ரோலர் நிரலை ஏற்க மறுக்கிறது

நீங்கள் சேர்த்த போஸ்ட் விண்டோஸில் தெரிந்து லினக்ஸில் தெரியாவிட்டால் பெயரின் முடிவைப் பார்க்கவும். அடிக்கோடு, போஸ்ட் என்ற சொல், பைத்தான் பின்னொட்டு ஆகியவை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் லினக்ஸில் அது பட்டியலில் சேராது.

நிரல் உருவாகிறது, ஆனால் கன்ட்ரோலர் முதல் வரியிலேயே பிழை காட்டுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தேடவும். விண்டோஸின் பழைய நோட்பேட், யுடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றைச் சேர்த்துவிடும்; 2019இன் 1903 பதிப்பில்தான் அந்த இயல்பு மாறியது. மேக்கின் டெக்ஸ்ட்எடிட் சாதாரண உரையாக மாற்றாமல் புதிய கோப்பைச் சேமித்தால், நிரலின் தலையில் நெளிவு அடைப்புடன் ஆர்டிஎஃப் என்று தொடங்கும் வரிகள் வந்துவிடும். வேர்ட் மூலமாகவோ செய்திச் செயலி மூலமாகவோ வந்த நிரலில் கழித்தல் குறி நீண்ட கோடாக மாறியிருக்கும். ஆபரேட்டர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும், கன்ட்ரோலருக்கு அது அறியாத எழுத்து. அடைப்புக்குறிக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் பழைய கன்ட்ரோலர்கள் அதையும் ஏற்பதில்லை.

முழு நிரலும் ஒரே வரியாகத் தெரிந்தால் அது வரி முடிவுச் சிக்கல். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற இரண்டு குறிகளால் முடிக்கும். லினக்ஸும் மேக்கும் 10 மட்டும் வைக்கும். பைத்தானில் எழுதிய போஸ்ட், தனியே சொல்லாவிட்டால், தான் ஓடும் தளத்தின் வழக்கத்தையே பின்பற்றும். ஆகவே ஒரே போஸ்ட், ஒரே மாதிரி, ஒரே டூல்பாத் வைத்துக்கொண்டு இரண்டு கணினிகளில் எடுத்த நிரல்கள் பைட் கணக்கில் வேறுபடும். வரி முடிவை வெளிப்படையாகக் காட்டி மாற்றித் தரும் திருத்தி ஒன்றை எல்லாக் கணினிகளிலும் வைத்துக்கொள்ளவும்.

மேக்கிலிருந்து பென் டிரைவில் நகலெடுத்த நிரலுக்குப் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் சேர்ந்த அதே பெயரில் இன்னொரு சிறிய கோப்பு கன்ட்ரோலர் திரையில் தெரியலாம். அது மேக் தன் குறிப்புகளுக்காக எழுதி வைத்தது. மேக்கில் மறைந்திருக்கும், கன்ட்ரோலரில் மறையாது. அதைத் திறந்த ஆபரேட்டர் நிரல் கெட்டுவிட்டது என்று சொல்வார். மேக்கில் டாட்_கிளீன் கட்டளையை அந்த டிரைவின் மேல் இயக்கிய பின் டிரைவை வெளியேற்றவும். கோப்பே தெரியாவிட்டால் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கிறதா என்று பார்த்து, ஃபேட்32க்கு மாற்றவும்.

அறிகுறி: யுஎஸ்பியில் இணைத்த கன்ட்ரோலரை மென்பொருள் காணவில்லை

ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் பலகைகளுக்கு 115200 பாட் என்ற தொடர்பு வேகம் பொதுவானது. தளம் எதுவானாலும் அதை முதலில் சரிபார்க்கவும். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் திறக்க மறுத்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையவும்; ஆர்ச் வகைகளில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. உபுண்டு 22.04இல் சிஎச்340 சிப் உள்ள பலகையைச் செருகியதும் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி சேவையான பிஆர்எல்டிடிஒய் அந்தச் சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கணினியில் அந்தப் பொதியை நீக்கிவிடலாம். மேக்கில் ஒரே போர்ட் இரண்டு பெயர்களில் தெரியும். சியு என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுக்கவும்.

அறிகுறி: நிரல் ஓடுகிறது, ஆனால் மோட்டார் தடுமாறி இடம் தவறுகிறது

மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகளைக் கணினியே நேரடியாக உண்டாக்கும் அமைப்பில் மட்டும் இந்தப் பகுதி பொருந்தும். மாக்3 என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளின் பேரலல் போர்ட் இயக்கி 64-பிட் விண்டோஸில் இயங்காது. அதை மெய்நிகர் இயந்திரத்தில் 32-பிட் விண்டோஸ் வைத்து ஓட்டுவதும் பலன் தராது, ஏனெனில் மெய்நிகர் இயந்திரத்தால் மைக்ரோநொடிக் கணக்கில் நேரம் தவறாமல் துடிப்பு அனுப்ப முடியாது. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் லினக்ஸ்சிஎன்சியும் நிகழ்நேரக் கர்னலுடன் நேரடியாக நிறுவப்பட்ட கணினியைத்தான் கேட்கும். அதனுடன் வரும் தாமதச் சோதனையை இயக்கிவிட்டு, பெரிய கோப்புகளை நகலெடுப்பது, சாளரங்களை இழுப்பது, வீடியோ ஓட்டுவது என்று கணினிக்கு வேலை கொடுத்து, அதிகபட்சத் தாமதத்தைக் குறித்துக்கொள்ளவும். எண்கள் நானோநொடியில் இருக்கும். 20000க்குள் நின்றால் துடிப்பு அனுப்ப அந்தக் கணினி போதும். அதைவிட மிகவும் கூடினால் பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்கவும். அப்போதும் குறையாவிட்டால் வேறு கணினிக்கு மாறவும், அல்லது துடிப்பைத் தானே உண்டாக்கும் தனிப் பலகை ஒன்றை இடையில் வைக்கவும்.